ஊசி போட்டவரும் போடாதவரும்: முதியோர் மரணக் கணக்கில் ஒரு பாடம்

இரண்டு நிகழ்ச்சிகள் சேர்ந்து வருவதனாலேயே ஒன்று மற்றொன்றுக்குக் காரணமாகிவிடாது என்பது புள்ளியியல் வகுப்பில் நாம் தொடக்கத்திலேயே கேட்கும் எச்சரிக்கை. தேர்வில் இதனை எழுதி மதிப்பெண் பெற்றுவிடுகிறோம். தேர்வு முடிந்ததும் மறந்தும் விடுகிறோம். இவ்வெச்சரிக்கை ஏட்டோடு நிற்பதன்று, முதியோர் பல்லாயிரவரின் உயிரோடு தொடர்புடையது என்பதனை இன்புளூயன்சா தடுப்பூசியின் வரலாறு நன்கு காட்டுகிறது. அவ்வரலாற்றில் ஒரு பகுதியை எடுத்துக்கொண்டு, அதில் கணக்கு எவ்வாறு தடம் புரண்டது, எவ்வாறு மீண்டும் நேர் செய்யப்பட்டது என்பதை என் போன்ற மாணவர்க்கு விளங்கும் வகையில் கூறுவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

நோயும் சாவும்

இன்புளூயன்சா என்பது வெறும் சளிக் காய்ச்சல் அன்று. அதற்குக் காரணம் ஒரு வைரசு. 1933ஆம் ஆண்டில் இங்கிலாந்து நாட்டு அறிஞர்களான சுமித், ஆண்ட்ரூசு, லெய்ட்லா ஆகிய மூவரும் நோயாளிகளின் தொண்டை நீரை பெரட் என்னும் கீரி போன்ற சிறு விலங்கின் மூக்கில் இட்டு, மனிதரைத் தாக்கும் இவ்வைரசினைக் கண்டறிந்தனர். இது மூச்சுக் குழாயின் உட்புறப் படலத்தைச் சிதைக்கிறது. இளையோர்க்கு ஒரு வாரத்தில் அப்படலம் மீண்டும் வளர்ந்துவிடுகிறது. முதியோர்க்கோ, சிதைந்த அவ்விடத்தின் வழியே பாக்டீரியாக்கள் நுரையீரலுக்குள் புகுந்து நிமோனியாவை உண்டாக்குகின்றன. முன்னரே இதயநோயோ நீரிழிவோ உள்ளவராயின், அந்நோய் முற்றி உயிரைக் கொண்டுபோகிறது.

இங்கேதான் முதல் சிக்கல் எழுகிறது. இவ்வாறு இறந்தவரின் சான்றிதழில் 'நிமோனியா' என்றோ 'மாரடைப்பு' என்றோ எழுதப்படுமேயன்றி 'இன்புளூயன்சா' என்று எழுதப்படுவது அரிது. வைரசு தொடங்கிவைத்த வேலையைப் பிற நோய் முடித்துவைக்கிறது. பழியும் அதன்மேலேயே விழுகிறது. அவ்வாறாயின் இன்புளூயன்சாவினால் இறந்தோர் எத்தனை பேர் என்று எப்படி அறிவது?

இதற்கு வழி காட்டியவர் வில்லியம் பார் என்னும் ஆங்கிலேயப் புள்ளியியலார். 1847ஆம் ஆண்டு இறுதியில் இலண்டன் மாநகரில் இன்புளூயன்சா பரவியது. சான்றிதழ்களில் எழுதியிருந்த காரணங்களை மட்டும் அவர் நம்பவில்லை. அந்தப் பருவத்தில் வழக்கமாக எத்தனை பேர் இறப்பர், இவ்வாண்டு எத்தனை பேர் இறந்தனர் என்று ஒப்பிட்டு, மிகுதியானவர் 5,000க்கு மேல் என்று கணித்தார். 'மிகைச் சாவு' என்னும் இக்கருத்தே இன்றுவரை இத்துறைக்கு அடிப்படையாக இருந்துவருகிறது.

தடுப்பூசி வந்த வழி

கோழி முட்டைக்குள் வைரசினை வளர்த்து, பின்னர் அதனைக் கொன்று, ஊசி மருந்தாக்கும் முறை 1940ஆம் ஆண்டுகளில் அமெரிக்க ஐக்கிய நாடுகளில் உருவாயிற்று. தாமசு பிரான்சிசு என்பவரும், பின்னாளில் இளம்பிள்ளைவாதத் தடுப்பு மருந்தினால் புகழ் பெற்ற ஜோனாசு சால்க் என்பவரும் இதில் பணியாற்றினர். முதற் பெருஞ்சோதனைகள் இராணுவத்தில் நடந்தன. அதாவது, உடல் வலுவுள்ள இளைஞரிடம் இம்மருந்து ஆய்ந்து பார்க்கப்பட்டது. அங்கே அது நன்றாகவே பயன்பட்டது.

1957-58ஆம் ஆண்டுகளில் 'ஆசிய இன்புளூயன்சா' உலகெங்கும் பரவி முதியோர் பலரை மாய்த்தது. அதனைக் கண்ட அமெரிக்க அரசின் தலைமை மருத்துவர் 1960ஆம் ஆண்டில், 65 வயதைக் கடந்தோர் ஆண்டுதோறும் இவ்வூசியைப் போட்டுக்கொள்ள வேண்டும் என்று பரிந்துரைத்தார். நோக்கம் நல்லதே. ஆனால் இளைஞரின் உடலில் பயன் தந்த மருந்து முதியோரின் சாவைக் குறைக்குமா என்பதனை நேரடியாகச் சோதித்துப் பார்த்த பிறகு வந்த பரிந்துரை அன்று அது. பரிந்துரை வந்துவிட்ட பின்னர், 'முதியோர் பாதிப்பேருக்கு ஊசி போடாமல் விட்டுப் பார்ப்போம்' என்று சொல்வது அறமாகுமா என்ற தயக்கமும் எழுந்துவிட்டது. எனவே ஆராய்ச்சியாளர் வேறு வழியை நாடினர். தாமாகவே ஊசி போட்டுக்கொண்ட முதியோரையும் போட்டுக்கொள்ளாத முதியோரையும் மருத்துவமனைப் பதிவேடுகளிலிருந்து எடுத்து ஒப்பிட்டனர்.

அவ்வாறு செய்த ஆய்வுகள் பலவும் ஒரே குரலில் பேசின. ஊசி போட்டுக்கொண்ட முதியோரிடையே குளிர்காலச் சாவு, எக்காரணத்தால் வந்த சாவாயினும், ஏறத்தாழப் பாதியாகக் குறைந்திருந்தது. 2007ஆம் ஆண்டில் வெளிவந்த ஒரு பேராய்வு, பத்துப் பருவங்களின் பதிவேடுகளை ஆராய்ந்து, 48 விழுக்காடு குறைவு என்று கூறியது.

பொருந்தாத இரண்டு கணக்குகள்

இதனைக் கேட்டால் மகிழ்ச்சியாகத்தான் இருக்கிறது. ஆனால் எளிய பெருக்கல் வகுத்தல் அறிந்தவரும் இங்கே ஒரு கேள்வி கேட்கலாம்.

லோன் சைமன்சன் என்பவரும் அவர்தம் துணைவரும் 1968 முதல் 2001 வரை 33 பருவங்களுக்குரிய அமெரிக்க மரணக் கணக்கினை ஆராய்ந்து 2005ஆம் ஆண்டில் வெளியிட்டனர். வில்லியம் பார் காட்டிய வழியிலேயே மிகைச் சாவைக் கணித்தனர். அவர்கள் கண்ட முதல் உண்மை: எந்தப் பருவத்திலும் முதியோரின் குளிர்காலச் சாவுகளில் இன்புளூயன்சாவினால் நேர்ந்தவை 10 விழுக்காட்டுக்கும் குறைவே. இரண்டாம் உண்மை: 1980க்கு முன் முதியோரில் 15 விழுக்காட்டினரே ஊசி போட்டிருந்தனர், 2001இல் அது 65 விழுக்காடாக உயர்ந்தது. ஊசி நான்கு மடங்குக்கு மேல் பெருகியும், 1980க்குப் பின் முதியோரிடையே இன்புளூயன்சாச் சாவு அதற்கேற்பக் குறைந்ததாகக் காணவில்லை.

இப்போது இரண்டு கணக்குகளையும் அருகருகே வைத்துப் பாருங்கள். குளிர்காலத்தில் 100 முதியோர் இறக்கின்றனர் என்று கொள்வோம். அவருள் இன்புளூயன்சாவினால் இறப்போர் மிகுதியாகப் போனால் 10 பேர். தடுப்பூசி நூற்றுக்கு நூறு பயன் தருவதாகவே வைத்துக்கொண்டாலும் அது காக்கக்கூடியவர் அந்தப் பத்துப் பேரே. ஆனால் பதிவேட்டு ஆய்வுகளோ ஐம்பது பேரைக் காத்ததாகக் கூறுகின்றன. எஞ்சிய நாற்பது பேரைக் காத்தது எது? இன்புளூயன்சா ஊசி புற்றுநோயையும் எலும்பு முறிவையும் தடுக்குமா? பத்துப்படி நெல் உள்ள குதிரிலிருந்து ஐம்பது படி அளந்து எடுத்ததாக ஒருவர் சொன்னால், படியைத்தான் சோதிக்க வேண்டும்.

தண்ணீரும் உயிர் காக்கும்!

படி எங்கே பழுதுபட்டது என்பதை விளக்க நானே ஒரு கற்பனைக் கணக்கினை அமைத்துக் காட்டுகிறேன்.

ஓர் ஊரில் 1,000 முதியோர் உள்ளனர். அவருள் 900 பேர் நடமாடும் நலத்தினர். 100 பேர் படுக்கையோடு இருப்பவர். குளிர்காலத்தில் நடமாடுவோரில் நூற்றுக்கு ஒருவரும், படுத்திருப்போரில் நூற்றுக்குப் பத்துப் பேரும் இறப்பர். அவ்வூருக்கு ஓர் ஊசி வருகிறது. அதனுள் இருப்பது வெறும் தண்ணீர். ஆனால் அது எவர்க்கும் தெரியாது.

நடமாடுவோரில் 600 பேர் நடந்து சென்று ஊசி போட்டுக்கொள்கின்றனர். படுத்திருப்போரில் 20 பேருக்கே போட முடிகிறது. ஆக, ஊசி போட்டவர் 620 பேர். அவருள் இறப்போர், நடமாடுவோரில் 6, படுத்திருப்போரில் 2, ஆக 8 பேர். அதாவது நூற்றுக்கு 1.3. ஊசி போடாதவர் 380 பேர். அவருள் இறப்போர், நடமாடுவோர் 300 பேரில் 3, படுத்திருப்போர் 80 பேரில் 8, ஆக 11 பேர். அதாவது நூற்றுக்கு 2.9.

ஊசி போட்டவரின் சாவு பாதிக்கும் கீழே போய்விட்டது! தண்ணீர் எவரையும் காக்கவில்லை. சாவை நெருங்கியவர் ஊசி போடும் இடம் வரை வரவில்லை, அவ்வளவே. நலமுள்ளோர் ஒரு பக்கமும் நலிந்தோர் மறுபக்கமுமாகத் தாமே பிரிந்து நின்றபின் இரு பக்கத்தையும் ஒப்பிட்டால், ஊசி செய்யாத வேலையையும் ஊசியின் கணக்கில் எழுதிவிடுவோம். இதனை 'நலமுடையோர் சாய்வு' எனலாம்.

நோய் வருமுன்னரே காத்த ஊசி

கற்பனைக் கணக்கு வழியைக் காட்டலாம்; மெய்ப்பிக்காது. மெய்யாகவே அமெரிக்க முதியோரிடம் இச்சாய்வு இருந்ததா? இதனைச் சோதிக்க லிசா ஜாக்சன் என்பவரும் அவர்தம் குழுவினரும் கையாண்ட உத்தி மிக எளியது, எளியதாதலாலேயே அழகியது. அமெரிக்காவின் வாசிங்டன் மாநிலத்தில் ஒரு கூட்டுறவு மருத்துவ அமைப்பில் பதிவு செய்திருந்த 65 வயதைக் கடந்த 72,527 பேரின் எட்டாண்டுப் பதிவுகளை அவர்கள் எடுத்துக்கொண்டனர். ஒவ்வோராண்டையும் மூன்றாகப் பிரித்தனர்: வைரசு ஊருக்குள் வருவதற்கு முந்திய காலம், வைரசு பரவும் காலம், அது நீங்கிய பிந்திய காலம்.

ஊசி உண்மையிலேயே இன்புளூயன்சாவைத் தடுத்து உயிர் காக்குமாயின், வைரசு பரவும் காலத்தில்தான் அதன் பயன் தெரிய வேண்டும். முந்திய காலத்தில் இருசாராரும் ஒத்த அளவிலேயே இறக்க வேண்டும். இல்லாத பகைவனைத் தடுக்கும் கேடயம் உண்டோ?

2006ஆம் ஆண்டில் வெளிவந்த முடிவு இது. ஊசி போடாதவரிடையே 100 சாவு நேர்ந்தால், அதே அளவு எண்ணிக்கையுள்ள ஊசி போட்டவரிடையே நேர்ந்த சாவு வைரசு பரவும் காலத்தில் 56. வைரசு வருவதற்கு முந்திய காலத்திலோ 39! அது நீங்கிய பின்னர் 74. தடுப்பதற்கு நோயே இல்லாதபோது ஊசி மிக நன்றாகக் 'காத்தது'; நோய் வந்தபோது அதைவிடக் குறைவாகவே காத்தது. நிமோனியா, இன்புளூயன்சா ஆகியவற்றுக்காக மருத்துவமனையில் சேர்ந்தோர் கணக்கிலும் இதே வரிசை காணப்பட்டது: முன்னர் 72, இடையில் 82, பின்னர் 95.

நாள் செல்லச் செல்ல வேறுபாடு குறைவதற்கும் காரணம் உண்டு. ஊசி போடும் நாளில் சாவை எதிர்நோக்கியிருந்த நலிந்தோர் முதற் சில வாரங்களிலேயே இறந்துவிடுகின்றனர். எஞ்சியவர் ஊசி போட்டவர்களைப் பெரிதும் ஒத்திருக்கின்றனர். சாய்வும் மெல்ல மறைகிறது.

முந்திய ஆய்வாளர் இதனை அறியாதவரா என்று கேட்கலாம். அறிந்தவரே. வயது, பால், பதிவேட்டில் காணும் நோய்கள் ஆகியவற்றுக்கு ஏற்பக் கணக்கைத் திருத்தியே வெளியிட்டனர். ஆனால் அதே குழுவினர் இன்னோர் ஆய்வில், பதிவேட்டில் எழுதப்பட்ட நோய்ப் பெயர்களைக் கொண்டு செய்யும் திருத்தம் சாய்வை நீக்குவதில்லை என்று காட்டினர். பிறர் துணையின்றிக் குளிக்க இயலாமை போன்ற தளர்ச்சிகளே ஊசி போடாமைக்கும் சாவுக்கும் ஒருங்கே அடையாளமாயிருந்தன. 'இவரால் தாமே குளிக்க முடிகிறதா?' என்பது வீட்டாருக்குத் தெரியும். கணிப்பொறிக்கு அனுப்பப்பட்ட பதிவேட்டுக்குத் தெரியாது.

2008ஆம் ஆண்டில் இதே மருத்துவ அமைப்பில் நிமோனியா பற்றித் தனியே ஆராய்ந்தனர். நிமோனியா வந்த முதியோர் 1,173 பேரையும் வராத 2,346 பேரையும் எடுத்து, மருத்துவரின் குறிப்பேடுகளைப் படித்து, உடல் தளர்ச்சியையும் கணக்கில் சேர்த்து ஒப்பிட்டனர். ஊசியினால் நிமோனியா குறைந்ததாக உறுதி செய்யும்படியான வேறுபாடு தெரியவில்லை. நிமோனியாவுக்குக் காரணங்கள் பல. இன்புளூயன்சா அவற்றுள் ஒன்றே என்பதனை நினைவிற்கொண்டால் இது வியப்பன்று.

அவ்வாறாயின் ஊசி வீணா?

இவ்விடத்தில் அவசரப்பட்டு மறுகரைக்குத் தாவிவிடக் கூடாது. 'பாதிச் சாவைத் தடுக்கும்' என்பது மிகை என்று காட்டியதனால் 'ஒன்றையும் தடுக்காது' என்பது மெய்யாகிவிடாது. சிலர் அவ்வாறு பேசியதும் உண்டு. அதுவும் கணக்குப் பிழையே.

நேரான சோதனை எது? ஊசி போடுவதா வேண்டாவா என்பதனை முதியவரின் விருப்பத்துக்கும் வலுவுக்கும் விடாமல், சீட்டுக் குலுக்கிப் போட்டுத் தீர்மானிப்பது. சீட்டுக்கு நலமுள்ளவர் யார், நலிந்தவர் யார் என்பது தெரியாது; ஆகவே இருசாராரும் இரு பக்கமும் சமமாகக் கலந்துவிடுவர். நெதர்லாந்து நாட்டில் 1991-92ஆம் பருவத்தில் 60 வயதைக் கடந்த 1,838 பேரிடம் இவ்வாறு சோதனை செய்யப்பட்டது. ஒரு பாதியினர்க்குத் தடுப்பூசி. மறு பாதியினர்க்கு உப்புநீர் ஊசி. ஊசியைக் கட்டாயம் போட வேண்டியவராகக் கருதப்பட்ட கடும் நோயாளிகள் இதில் சேர்க்கப்படாமையால் அறத்துக்கும் இழுக்கில்லை. இரத்தச் சோதனையில் இன்புளூயன்சா தொற்றியதாகத் தெரிந்தவர், உப்புநீர் பெற்றோரில் 9 விழுக்காடு. தடுப்பூசி பெற்றோரில் 4 விழுக்காடு. நோய் பாதியாகக் குறைந்தது. ஆனால் சாவு பற்றி முடிவு கூற 1,838 பேர் போதாது.

சாவு பற்றிய நேர்மையான கணக்கு 2009ஆம் ஆண்டில் கலிபோர்னியாவின் வடபகுதியிலிருந்து வந்தது. வைரசு இல்லாத காலத்தில் ஊசி போட்டவருக்கும் போடாதவருக்கும் இடையே எவ்வளவு வேறுபாடு உண்டோ அதனைச் சாய்வு என்று கொண்டு, வைரசு பரவும் காலத்தில் அவ்வேறுபாடு மேலும் எவ்வளவு பெருகுகிறது என்பதை மட்டும் ஊசியின் பயனாக எண்ணினர். கிடைத்த விடை 4.6 விழுக்காடு.

இவ்வெண்ணைச் சற்று உற்று நோக்குக. குளிர்காலச் சாவில் பத்தில் ஒன்று வரை இன்புளூயன்சாவினால் வருகிறது. ஊசி அதில் பாதியைத் தடுக்கிறது என்றால், மொத்தச் சாவில் குறையக்கூடியது 5 விழுக்காடு வரை. மிகைச் சாவுக் கணக்கும், நெதர்லாந்துச் சீட்டும், கலிபோர்னியா ஒப்பீடும் வெவ்வேறு வழியில் வந்து ஒரே இடத்தில் கைகோக்கின்றன. ஐம்பது ஐந்தாகச் சுருங்கியது உண்மைதான். ஆயினும் ஆயிரம் சாவில் நாற்பத்தாறு குறைவது சிறிய செய்தியா? அந்த நாற்பத்தாறு வீடுகளைக் கேட்டால் தெரியும்.

மிகைக் கணக்கு தந்த தீங்கு

நல்ல மருந்தைச் சற்று மிகுத்துப் புகழ்ந்தால் என்ன கெட்டுவிடும் என்று நினைப்போர் உண்டு. கெட்டது உண்டு என்பதே என் கருத்து. பாதிச் சாவைத் தடுக்கும் மருந்து கையில் இருக்கிறது என்று நம்பும்போது அதனினும் சிறந்ததைத் தேடும் ஆவல் மங்கிவிடுகிறது. முதியவரின் உடல் தடுப்பூசிக்கு இளையவரைப் போல் எதிர்வினை தருவதில்லை என்பது நெடுநாளாகத் தெரிந்த செய்தி. நான்கு மடங்கு மருந்துப்பொருள் கொண்ட ஊசி முதியோர்க்கென அமெரிக்காவில் அனுமதி பெற்றதோ 2009ஆம் ஆண்டின் இறுதியில்தான். 31,989 முதியோரிடையே சீட்டுக் குலுக்கிச் செய்த சோதனையில், வழக்கமான ஊசியை விட அது 24 விழுக்காடு கூடுதலாக இன்புளூயன்சாவைத் தடுத்தது என்று 2014ஆம் ஆண்டில் அறிவிக்கப்பட்டது.

இன்னொரு வழியும் உண்டு. நோயை வீட்டுக்குள் கொண்டுவருவோர் பெரும்பாலும் சிறுவரே. அவர்க்கு ஊசி போட்டால் பாட்டனாரும் பாட்டியாரும் காக்கப்படுவரல்லவா? ஜப்பான் நாடு 1962 முதல் பள்ளிச் சிறுவர்க்கு இன்புளூயன்சா ஊசி போட்டுவந்தது. 1977இல் அதனைச் சட்டத்தால் கட்டாயமாக்கி, 1987இல் பெற்றோர் மறுக்கலாம் என்று தளர்த்தி, 1994இல் கைவிட்டது. அந்நாட்டின் மிகைச் சாவினை ஆராய்ந்து 2001ஆம் ஆண்டில் வெளிவந்த ஒரு கட்டுரை, சிறுவர்க்குப் போட்ட ஊசி ஆண்டுக்கு 37,000 முதல் 49,000 உயிர்களைக் காத்தது என்று கூறியது. காக்கப்பட்டோருள் பெரும்பாலோர் முதியோர். இதுவும் முன்னும் பின்னும் பார்த்து ஒப்பிட்ட கணக்கே. அந்த ஆண்டுகளில் ஜப்பானில் மாறியது ஊசி ஒன்று மட்டுமன்று. எனவே எண்ணிக்கையை அப்படியே ஏற்கத் தேவையில்லை.

ஆனால் கருத்து மெய்யா என்பதனைச் சீட்டுக் குலுக்கியே பார்த்தனர். கனடா நாட்டின் மேற்குப் பகுதியில் ஹட்டரைட்டுகள் என்னும் சமயத்தார், புறவுலகத் தொடர்பு குறைந்த சிறு குடியிருப்புகளில் கூடி வாழ்கின்றனர். சில குடியிருப்புகளின் சிறுவர்க்கு இன்புளூயன்சா ஊசியும், மற்றவற்றின் சிறுவர்க்கு வேறொரு நோய்க்கான ஊசியும் போடப்பட்டன. ஊசி பெற்ற சிறுவர் 947 பேர். ஊசி பெறாத மற்றையோர் 2,326 பேர். ஊசியே போடாத அம்மற்றையோரிடையே, முதல்வகைக் குடியிருப்புகளில் 3.1 விழுக்காட்டினரும் இரண்டாம்வகையில் 7.6 விழுக்காட்டினரும் இன்புளூயன்சாவுக்கு ஆளாயினர் என்று 2010இல் வெளியாயிற்று. பேரன் கையில் ஏறிய மருந்து வீட்டில் உள்ளோரையும் காக்கும் என்பது ஐயமற நிலைநாட்டப்பட்டது.

முடிவுரை

முதியோர்க்கு இன்புளூயன்சா ஊசி வேண்டுமா என்று என்னை எவரேனும் கேட்டால், வேண்டும் என்றே சொல்வேன். ஆனால் அதனால் பாதிச் சாவு குறையும் என்று சொல்ல மாட்டேன். நோய் வரும் வாய்ப்பை அது ஏறத்தாழப் பாதியாகக் குறைக்கும். சாவை ஓரளவு குறைக்கும். வீட்டுச் சிறுவரும் போட்டுக்கொண்டால் இன்னும் நன்று. இதனினும் சிறந்த மருந்தை நாடுவதும் கடமை என்பேன். இவ்வளவு சொல்வதற்கு மிகைப்படுத்தல் தேவையில்லை. மிகைப்படுத்திச் சொன்னால், அது வெளிப்படும் நாளில் உண்மையான ஐந்தினையும் மக்கள் நம்ப மறுப்பர்.

மாணவ நண்பர்களே! மருந்தாயினும் உரமாயினும் பாடத்திட்டமாயினும், 'ஏற்றவர் நன்றாயிருக்கின்றனர், ஏற்காதவர் தாழ்ந்திருக்கின்றனர்' என்னும் கணக்கு உங்கள் கைக்கு வரும்போது மூன்று கேள்விகளைக் கேளுங்கள். ஏற்றவர் யார்? விடுபட்டவர் ஏன் விடுபட்டார்? அப்பொருளுக்கு வேலையே இல்லாத காலத்திலும் அதே வேறுபாடு இருந்ததா? வாசிங்டன் மாநிலத்துப் பதிவேட்டில் மூன்றாம் கேள்வியைக் கேட்கப் புதிய கருவி எதுவும் தேவைப்படவில்லை. நாம் வகுப்பில் கற்கும் வகுத்தலும் சிறிது ஐயமுமே போதுமானவையாயிருந்தன.